செருப்பைக் கழற்றிவிட்டு ஆடியவர்கள்

புங்கந்தாங்கல் ஏரி ஒரே மழையில் நிரம்பி வழிந்து கோடி போன வருஷம், ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அந்த ஊரிலிருந்து ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பதினேழு பெண்களும் பால்குடி மறக்காத ஒரு பிள்ளையும் பட்டணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு, ஆடி, விடியுமுன் திரும்பி வந்தார்கள். வந்தவர்களின் கால் அன்றிலிருந்து தரையில் பதியவில்லை.

அவர்களாகக் கேட்டுப் போன பயணம் இல்லை அது. கப்பலேற வேண்டிய சரக்கைச் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முந்தியே தைத்து, ஒட்டி, பெட்டியில் அடைத்துக் கொடுத்துவிட்டதால் வாங்குகிற வெளிநாட்டுக்காரனுக்கு மனம் குளிர்ந்துபோய், தைத்த கைகளுக்கு ஒரு ராத்திரி நல்ல சாப்பாடும் ஆட்டமும் போடுங்கள் என்று எழுதிவிட்டானாம். மேனேஜர் வந்து சொன்னபோது பெண்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பாடு சரி, ஆட்டம் எதற்கு என்று ஊர் ஆண்கள் கேட்டார்கள். சாமி ஊர்வலத்தில் நீங்கள் ஆடும்போது நாங்கள் கேட்டோமா என்று தேசம்மா திருப்பிக் கேட்டதும் அந்தப் பேச்சு அடங்கியது. தேசம்மா அவர்கள் வேலை செய்கிற லைனிலேயே மூத்தவள். ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்கிற வேலை அவளுக்கு. தேய்ந்த செருப்பு ஒன்றை எடுத்துக் காட்டினால் போட்டவருக்கு எந்த முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

சுகந்திக்கு மட்டும் பிள்ளையை எங்கே விடுவது என்ற கவலை இருந்தது. சர்வேஷுக்குப் பத்து மாதம். புட்டிப்பாலை நாக்கால் தள்ளிவிடுகிற பிள்ளை. அவள் புருஷன் ஏழுமலை ஜேசிபி ஓட்டுகிறவன், எதையும் பெரிதாக நினைக்க மாட்டான். "தூக்கினு போயேன், அவனும் பட்டணம் பாக்கட்டும்" என்றான். அவளும் இடுப்பில் பிள்ளையும் தோளில் துணிப்பையுமாக, நாலு துணி, ஒரு டப்பா பொட்டுக்கடலை மாவு, காய்ச்சல் மருந்து எல்லாம் எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்டலில் பதினோராவது மாடி. மீனைப் பூப்போல மடித்து வைத்திருந்தார்கள். எட்டு வகைச் சோறு இருந்தும் ரசம் இல்லை. தேசம்மா வெள்ளைச் சட்டைக்காரரைக் கூப்பிட்டு ரசம் கேட்டாள். அவர் உள்ளே போய் நுரை மேலே நிற்கக் கண்ணாடிக் கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். அவள் அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, உப்பு சரியாக இருக்கிறது என்று அவரைப் பாராட்டி அனுப்பினாள். சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துப் பக்கத்துக் கூடத்துக்குப் போனால் அங்கேதான் ஆடுகிற தரை இருந்தது, கறுப்பாக, குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி, நிறைந்த கிணற்றின் வாய்க்கு மேல் ஆட்களை நிறுத்தி வைத்தது போல.

பட்டணத்து ஆட்கள் ஷூவோடும் குதிகால் செருப்போடும் அதன்மேல் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிவப்பு ஷூ நம்ம லைனில் போனது, அந்தத் தையல் என் கைத் தையல் என்று ஒருத்தி சுகந்தியின் காதில் சொன்னாள். ஆனால் புங்கந்தாங்கல் பெண்களுக்கு அப்படி ஏற மனம் வரவில்லை. விளக்குப் போட்டு, பாட்டுப் போட்டு, நாலு பேர் பார்க்க ஆடுகிற இடம் என்றால் அது மேடை. மேடையில் செருப்புக் காலோடு ஏறக் கூடாது என்று ஆண்டுவிழாவுக்கு ஆண்டுவிழா பள்ளிக்கூடத்தில் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். அதனால் பதினேழு பேரும் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடி ஜோடியாக விட்டார்கள். குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு ஏறினார்கள்.

சில்லென்று இருக்கும் என்று நினைத்த தரை மாட்டு வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. காலைத் தூக்கும்போது, சரியாகக் காயாத பசைமேல் வைத்த தோல்போல, ஒரு இமைப்பொழுது பிடித்துப் பிறகு விட்டது. பசையோடு பழகியவர்கள் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கும்மி தெரிந்தவர்கள் கும்மியை ஆடினார்கள், சினிமா ஆட்டம் தெரிந்தவர்கள் அதை ஆடினார்கள், ஒன்றும் தெரியாதவர்கள் கைதட்டிக்கொண்டே சுற்றினார்கள், பட்டணத்து ஆட்கள் விலகி வட்டமாக நின்று பார்த்தார்கள். சுகந்தி இடுப்புப் பிள்ளையோடு ஆடினாள். பிள்ளை கீழே இறங்க வேண்டும் என்று வளைந்து வளைந்து துள்ளியது. ஒரு நிமிஷம்தானே என்று அவனைத் தரையில் நிறுத்தி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவன் கையை உதறிவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அடி எடுத்து வைத்தான். பதினேழு பேரும் போட்ட குலவையில் பாட்டுப் போடுகிறவனே பாட்டை நிறுத்திவிட்டான். அதுதான் சர்வேஷ் நடந்த முதல் நடை. சுகந்திக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, போனில் ஏழுமலையைக் கூப்பிட்டுச் சொன்னாள், அவனும் நாளைக்கு நான் பார்க்கிறேன் என்றான்.

மறுநாள் ரேஷன் கடைக்கு முன்னால் சிமெண்ட் பூசி ஈரம் காயாமல் இருந்தது. குடத்தோடு அதன் குறுக்கே நடந்த, பதினேழு பேரில் ஒருத்தியான கன்னியம்மாவைக் கொத்தனார் கண்டபடி திட்டினார். திட்டிவிட்டுக் குனிந்து பார்த்தால், சிமெண்ட் பூசினது பூசினபடி, சொட்டின தண்ணீர்த் துளிகள் குழிகுழியாகப் பதிந்திருக்க, கால் வைத்த தடம் மட்டும் இல்லை. சாயங்காலத்துக்குள் பதினேழு வீட்டிலும் சேற்றில், சாம்பலில், கோலமாவில் கால் வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஒருத்திக்கும் பதியவில்லை.

ஊர் அதைப் பற்றி மூன்று நாள் பேசியது. நாலாம் நாள் அதற்கு வேலை கண்டுபிடித்துவிட்டது. நடவுக்கு முதலில் இவர்களைக் கூப்பிட்டார்கள், ஏனென்றால் மற்றவர்கள் நட்டால் கால்குழியில் நாற்று மிதக்கும், இவர்கள் நட்டால் சேறு பாய் விரித்தது மாதிரி கிடந்தது. கோயில் திருவிழாவுக்குத் தெருவடைத்துப் போடுகிற கோலத்தின் நடுவில் இவர்களால் அதை அழிக்காமல் நடக்க முடிந்தது. துடைத்த தரை ஈரம் காயக் காத்திருக்க வேண்டியதில்லை என்று சுகந்தியே சொல்லிச் சிரித்தாள். சாராயத்தை ஒளித்து வைக்கிற ஆண்கள்தான் திண்டாடினார்கள். எப்போது பின்னால் வந்து நின்றாள் என்றே தெரியவில்லை என்று ஒருவன் பஞ்சாயத்தில் புகாரே கொடுத்தான். இன்னொரு பக்கம், சொல்லாமலே சில காரியங்கள் நின்றுபோயின. புது வீடு புகுகிறவர்கள் இவர்களை இரண்டாவதாக உள்ளே வரச் சொன்னார்கள். பொண்ணு அழைக்கப் போகிற கூட்டத்தில் இவர்களை நடுவில் விட்டு முன்னும் பின்னும் வேறு ஆட்கள் நடந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. அது அப்படியே பழக்கமாகிவிட்டது.

சிறிய விஷயங்களை சுகந்தி மட்டும் கவனித்தாள். வரிசையாகப் போகிற எறும்பு அவள் காலுக்கு முன்னால் வந்தால் சுற்றிப் போவதில்லை, காலே அங்கே இல்லாத மாதிரி மேலேறி மறுபக்கம் இறங்கிப் போயிற்று. தொட்டாச்சிணுங்கி மிதித்தால் மூடவில்லை. வீட்டு நாய் அவள் வருவதைப் பார்த்தால் வாலாட்டியது, பார்க்காவிட்டால் வாசலில் வந்து நிற்கிறவளைத் திருடி என்று குரைத்தது.

பிறகு சனிக்கிழமை வந்தது. ராத்திரி ஏழரை மணிக்கு, அடுப்பு முன்னால் இருந்தவள் அடுப்பு முன்னால், மாடு கட்டிக்கொண்டிருந்தவள் மாட்டுக்குப் பக்கத்தில், பதினேழு பேருக்கும் ஒரே நேரத்தில் கெண்டைக்கால் இழுத்தது. பத்தரை மணிக்கு விட்டது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமைதோறும் அந்த நேரத்தில் பதினேழு வீட்டிலும் சுடுதண்ணீர் வைப்பது வழக்கமாயிற்று. டியூஷன் பிள்ளைகளுக்கு அன்றைக்கு விடுமுறை விட்டார்கள். பால்காரர் முன்னதாகவே வந்து போனார். இரண்டு மாதம் கழித்துத் தேசம்மா எல்லாருடைய காலையும் வரிசையாக நீட்டச் சொல்லிப் பார்த்தாள். குதிகால் குழந்தைக்குப் போல வழவழவென்று இருந்தது, முன்பாதம் மட்டும் தேய்ந்து தடித்திருந்தது.

"இது நடக்கிறவ கால் இல்லடி" என்றாள் தேசம்மா. "நடந்தா குதிகால்தான் மொதல்ல தேயும். இது ஆடறவ கால். நாம இங்க உக்காந்துனு கீறோம், நம்ம காலு அங்க ஆடினு கீது."

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்கும் சிரித்தார்கள். ஆடினால் ஆடட்டும், சோறு இறங்குகிறது, வேலை நடக்கிறது, காலுக்கும் கொஞ்சம் பொழுதுபோக்கு வேண்டாமா என்றாள் கன்னியம்மா. சுகந்தி சிரிக்கவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய், தூங்குகிற பிள்ளையின் காலைத் திருப்பிப் பார்த்தாள்.

சர்வேஷ் அன்றைக்கு நடந்த நாலு அடிக்குப் பிறகு நடக்கவே இல்லை. நடக்கவில்லை என்பதைவிட, நிற்கவில்லை. பிடித்து நிறுத்தினால் கால் ஈரத்துணி மாதிரி மடங்கியது. சில பிள்ளைகள் லேட்டாகத்தான் நடக்கும் என்று நர்ஸ் சொன்னார், ஏழுமலையும் நான் இரண்டு வயதில்தான் நடந்தேன் என்று சொன்னான், அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது விளக்கு வெளிச்சத்தில், அன்றைக்குப் பிறகு ஒரு நாளும் தரையில் ஊன்றாத அந்தப் பிஞ்சுப் பாதங்களின் முன்பக்கத்தில் காய்ப்புக் காய்த்திருந்தது. அடுத்த சனிக்கிழமை ஏழரைக்குப் பிள்ளை வீறிட்டு அழுதான். அதற்கடுத்த சனிக்கிழமை காய்ப்பு வெடித்து ரத்தம் கசிந்தது. இப்படியே போனால் பிள்ளைக்குக் கால் என்று ஒன்று மிஞ்சாது என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அவள் யாரையும் துணைக்குக் கூப்பிட்டுப் பார்க்காமல் இல்லை. பதினாறு பேரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அந்தத் தரையை மறுபடி பார்த்தால் இறங்கிவர மனம் வராது என்று தேசம்மா மட்டும் உண்மையைச் சொன்னாள். ஏழுமலை ஜேசிபியைக் கொண்டுபோய்த் தரையைப் பேர்த்துவிடலாம் என்றான். பதினோராவது மாடிக்கு உன் ஜேசிபி லிஃப்ட்டில் வருமா என்று கேட்டுவிட்டு, உலையை மட்டும் நேரத்துக்கு வை என்று சொல்லி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

ஓட்டலின் பின்வாசலில் பாத்திரம் கழுவ ஆள் கேட்டார்களே என்று சொன்னாள், விட்டுவிட்டார்கள். ஆடுகிற கூடத்தில் அந்த மத்தியான நேரத்தில் ஒரு பெண் மட்டும் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், சட்டைப்பையில் பிலோமினா என்று பெயர் தைத்திருந்தது. வாசல் பக்கம் துடைத்த ஈரத்தின்மேல் சுகந்தி நடந்து வந்ததை அவள் பார்த்தாள், வந்த வழியையும் பார்த்தாள்.

"ரசம் கேட்ட கும்பலா நீங்க?" என்றாள். சுகந்தி ஆமாம் என்றதும் துடைப்பத்தை நீட்டி ஓரத்தைக் காட்டினாள். "உங்க ஆளுங்க அங்கதான். ராத்திரில ஜனம் சேந்தாத்தான் வேகம் பிடிக்கும். இப்போ சும்மா உலாத்துதுங்க."

கறுப்புத் தரையின் ஈரத்தில் தடங்கள் காய்ந்த வெள்ளையாகத் தோன்றித் தோன்றி மறைந்தன, ஒன்று மறையுமுன் அடுத்தது. பிள்ளையோடு சேர்த்துப் பதினெட்டு ஜோடிதான் என்று எண்ணி வந்தவளுக்கு அங்கே பெரியதும் சின்னதுமாக முந்நூறு, நானூறு ஜோடி தெரிந்தது. பிலோமினா தூங்குகிறவர்களைச் சுற்றித் துடைப்பது போல அவற்றைச் சுற்றித் துடைத்தாள். தன்னுடைய தடத்தை சுகந்தி உடனே கண்டுகொண்டாள். சின்ன வயதில் உலக்கை விழுந்து இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருக்கும், அந்தத் தடத்திலும் ஏறியிருந்தது. குதிகாலைத் தூக்கி அது சுழன்றது, தாவியது, மறுபடி சுழன்றது. எவ்வளவு லேசாக ஆடுகிறேன் என்று ஒரு கணம் அவளுக்கே ஆசையாக இருந்தது. அதற்கு இரண்டு சாண் தள்ளி, வெற்றிலை அளவுக்குச் சின்னத் தடம் ஒன்று, விழுந்து, எழுந்து, விழுந்து, எழுந்து, விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. பெரிய தடம் அதன் பக்கம் திரும்பவே இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தும், ஒரு தடவைகூட அது அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பவில்லை.

"சின்னதுங்க தாய்மாருங்க யாரும் வந்ததில்லையா?" என்று கேட்டாள் சுகந்தி.

"வருவாங்க. மேனேஜர்கிட்ட பேசுவாங்க, கேமரால பாப்பாங்க, எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க. கூப்பிட்டுப் பாக்கலாம்னு ஒருத்திக்கும் தோணல."

சுகந்திக்கு அது தோன்றியது. தரையின் விளிம்பில் கால் படாமல் நின்று, சர்வேஷ், சர்வேஷ் என்று கூப்பிட்டாள். சின்னத் தடம் ஆடிக்கொண்டே இருந்தது. பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரியாது. பெயர் வைத்த அன்றைக்கு மூன்று முறை காதில் சொன்னதோடு சரி, வீட்டில் யார் அவனை அப்படிக் கூப்பிட்டார்கள்? அவள் இடுப்புப் பிள்ளையை மடியில் இறக்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்தாள்.

"வாடா சாமி. வாடா என் தங்கம். அம்மாகிட்ட வா, வா, வா, வா."

சின்னத் தடம் நின்றது. திரும்பியது. பிறகு தத்தித் தத்தி, இடையில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து, விளிம்புக்கு வந்து, கம்பளத்தில் அமுங்கிய குழியாக இறங்கி, மடியில் கிடந்த சர்வேஷின் பாதத்துக்கு நேராக வந்து மறைந்தது. பிள்ளை அவள் வயிற்றில் ஓர் உதை உதைத்தான். அப்படி ஓர் உதையை அவள் மூன்று மாதமாக வாங்கியதில்லை. அவனை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்தபோது, தரை முழுக்க ஆடிக்கொண்டிருந்த கூட்டத்துக்குள்ளிருந்து மற்ற சின்னத் தடங்களும் வந்துகொண்டிருந்தன. சாமி என்றும் தங்கம் என்றும் கூப்பிடப்படாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? எந்த ஊர்ப் பிள்ளையோ, எந்த வருஷத்துக் கல்யாண விருந்தில் எந்தத் தாய் ஒரு நிமிஷம் என்று இறக்கிவிட்டதோ, எல்லாம் வந்து அவள் முன்னால் கம்பளத்தில் வரிசையாக நின்றன, விரல்கள் அவளைப் பார்த்தபடி.

"நான் என் பிள்ளையத்தான்…" என்றாள் சுகந்தி.

"கூப்பிட்டது கூப்பிட்டதுதான்" என்றாள் பிலோமினா, வாளியைத் தூக்கிக்கொண்டே. "இனி இதுங்க திரும்பாது. எனக்கும் சுத்திச் சுத்தித் துடைக்கிற வேலை கொஞ்சம் கொறஞ்சது."

விரட்ட அவளுக்கு மனம் வரவில்லை. எப்படி விரட்டுவது என்றும் தெரியவில்லை. அவள் நடந்தாள், பின்னால் கம்பளம் குழிந்து குழிந்து வந்தது. பஸ்ஸில் அவள் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள்; நடக்கிற வழியின் தூசியில் தடங்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன; கண்டக்டர் பார்த்துவிட்டு, மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனார்.

அன்றைக்கும் சனிக்கிழமை. ஊருக்குள் நுழையும்போது விளக்கு வைத்தாயிற்று, மழை விட்டுத் தெரு சேறாக இருந்தது. தடமே இல்லாமல் ஒரு பெண் நடந்து வர, அவளுக்குப் பின்னால் கைப்பிடி கைப்பிடியாக இத்தனை தடங்கள் வருவதை வாசல்களில் நின்றவர்கள் பார்த்தார்கள். யார் வீட்டுப் பிள்ளைகளோ பசியோடு வந்திருக்கும் என்று ஒருத்தி முறுக்கு டப்பாவை எடுத்து வந்தாள். எத்தனை பேர் என்று கன்னியம்மா விரலை நீட்டினாள், பிள்ளைகளை எண்ணாதே என்று இன்னொருத்தி அந்த விரலை மடக்கினாள். ஏழுமலை ஓடிவந்து சர்வேஷை வாங்கித் தெருவில் நிறுத்தினான். பிள்ளை நின்றான். நடந்தான். ஐந்து, ஆறு, ஏழு என்று ஏழுமலை சத்தமாக எண்ணினான். சேற்றில் அழகழகாகப் பதிந்தது அவன் கால். அதைப் பார்த்துத் தேசம்மா உட்கார்ந்து அந்தத் தடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஏழரை மணி ஆயிற்று. பெண்களுக்குக் கெண்டைக்கால் இழுத்தது. வந்திருந்த தடங்கள் தெருவின் நடுவுக்குப் போய், தெரிந்த ஒரே காரியத்தைச் செய்யத் தொடங்கின. வட்டமாக, சுழன்று, குதிகாலைத் தூக்கி, சேறு தெறிக்க ஆடின. ஆட்கள் இல்லாத ஆட்டத்தைப் பார்த்துத் தெருப்பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒருவன் இறங்கினான், அவன் தங்கை இறங்கினாள், பிறகு எல்லா வாசலிலிருந்தும் பிள்ளைகள் இறங்கி அவற்றோடு ஆடினார்கள், ஏழுமலையின் கையை உதறிவிட்டு சர்வேஷும். தாய்மார்கள் கைதட்டினார்கள். சேறு மாட்டு வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருக்கிறதென்று ஒரு பிள்ளை கத்திச் சொன்னது சுகந்தியின் காதில் விழுந்தது.

தேசம்மா போன் வெளிச்சத்தைத் தெருவில் அடித்தாள். ஊர்ப் பிள்ளைகள் குதித்த இடத்தில் ஒன்றுமே பதிந்திருக்கவில்லை.

முதலில் யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. பிறகு எல்லா வாசலிலிருந்தும் எல்லாரும் கூப்பிட்டார்கள், கண்ணு வாடா, தங்கம் வாடி, சாமி உள்ள வா, மழை வருது வா. கூப்பிட்ட வாசலுக்கெல்லாம் பட்டணத்திலிருந்து வந்த தடங்கள்தான் ஓடின. பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சுகந்தி வாசற்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தாள். வாடா சாமி என்றாள். வாடா என் தங்கம் என்றாள். தெருவெங்கும் இருந்த சின்னத் தடங்கள் நின்று, திரும்பி, அவள் வாசலை நோக்கித் தத்தித் தத்தி வந்து, படியேறி, மத்தியானம் ஏழுமலை துடைத்துவைத்த தரையில் ஈரமாக நின்றன, விரல்கள் அவளைப் பார்த்தபடி. அவள் அவற்றுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள். மறுபடியும் கூப்பிட்டாள். சர்வேஷ் முதுகைக் காட்டிக்கொண்டு, எவ்வளவு லேசாக, ஆடிக்கொண்டிருந்தான்.